பக்கத்துக் காணிக்குப் போன பங்கு

அப்பாவின் முப்பத்தோராம் நாள் நினைவுக்கு வந்திருந்த நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள், அம்மா ஏன் இடையில் எழும்பிப் போனார் என்று. பாரிசில், லாச்சப்பலில் நாங்கள் எடுத்திருந்த மண்டபத்தில் சாப்பாடு பரிமாறத் தொடங்கியிருந்தது. அப்பாவைப் பற்றி நாலு வார்த்தை பேச எழுந்த பெரியவர், "இவர் தன்ரை சீவியத்திலை ஒரு பொய் சொன்ன மனிசன் இல்லை" என்று சொன்னார். அம்மா கதிரையைத் தள்ளிவிட்டு, கோட்டையும் எடுக்காமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். பிரஷர் என்று நான் சொன்னேன். நீங்களும் நம்பி ஆளுக்கொரு வைத்தியம் சொன்னீர்கள். பிரஷர் இல்லை. எங்கள் குடும்பத்தில் பொய் சொல்லப் பழகியவள் நான் ஒருத்திதான், அதுவும் இந்த நாட்டுக்கு வந்த பிறகு.

நம் வயதுக்காரர் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு ஒரே இடத்துக்குத்தான் போகிறது. சார்செல் ரயிலுக்கு நிற்கும்போதும் அதுதான், கடைவாசலில் முருங்கைக்காய் பொறுக்கும்போதும் அதுதான். அந்தக் காலத்து ஆட்கள் சொன்ன சொல் மாறாதவர்கள், அடுத்தவன் காணியில் விழுந்த மாங்காயைக்கூடத் தொடாதவர்கள், இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அதெல்லாம் எங்கே விளங்கப்போகிறது என்று தலையாட்டுகிறோம். நானும் கூடச் சேர்ந்து தலையாட்டியிருக்கிறேன். ஆனால் மனம் ஒப்பி ஆட்டியதில்லை. ஏன் என்று சொல்வதானால் ஒரு தவக்காலத்தைச் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது பத்து வயது, அண்ணாவுக்குப் பதினேழு. அண்ணாவை அவர் என்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் இப்போது அவன் என் கடைசி மகனைவிட இளையவன். அதனால் அவன் என்றே சொல்கிறேன். அம்மாவும் அப்பாவும் அவனைத் தம்பி என்று கூப்பிடுவார்கள்.

எங்கள் காணி மன்னார்ப் பக்கம், ஒரு குளத்துக்குக் கீழே இருந்தது. மாசியில் நெல் வெட்டி முடிந்ததும் நிலத்தில் ஈரம் காயுமுன் பயறு விதைப்போம். பயறு இரண்டு இலை விட்டதும் விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். விடியப்புறம் முயல், வெயில் ஏற மயில், பின்னேரம் புறா. முயல் கடித்த இடம் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் நறுக்கென்று இருக்கும். மயில் கிளறின இடத்தில் வேரும் மிஞ்சாது. முந்தின வருடங்களில் அப்பா வரம்பில் நின்று ஒரு வெடி வைத்தால் போதும், அந்தக் கிழமை முழுக்க ஒன்றும் எட்டிப் பார்க்காது.

அந்த வருடம் அப்பாவிடம் துவக்கு இல்லை. லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. ஊரில் சிலர் துவக்கை எண்ணெய்ச் சீலையில் சுற்றிப் புதைத்துவிட்டு, களவு போய்விட்டது என்றார்கள். அப்பா தன்னுடையதைத் துடைத்து, மிச்சத் தோட்டாக்களையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பொலிசுக்குப் போய்க் கொடுத்தார். அங்கே இருந்த அதிகாரி எழுந்து நின்று கைகொடுத்தாராம். பால் தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்தாராம். அதை அப்பா மாதா கோயில் முற்றத்தில் எத்தனை தரம் சொன்னார் என்று கணக்கில்லை. "நாங்கள் நேராப் போனா அவங்களும் நேராத்தான் நடப்பாங்கள்" என்று கதையை முடிப்பார். துவக்கைப் புதைத்தவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

பயறு போய்க்கொண்டிருந்தது. அப்பா தகர டின்னைத் தட்டிக்கொண்டு வரம்பில் ஓடித் திரிந்தார். இரண்டு நாளில் முயல்களுக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது. அப்போதுதான் அண்ணா காற்றுத் துவக்குச் செய்யத் தொடங்கினான்.

அண்ணாவுக்குப் பேச்சு வராது. கேட்டால் ஓம், இல்லையென்றால் இல்லை, அவ்வளவுதான். படிப்பிலும் கெட்டிக்காரன் இல்லை. ஆனால் ஊரில் எது பழுதானாலும் அவனிடம் வரும். ரேடியோ வரும், தையல் மெஷின் வரும், கோயில் மூப்பரின் கைக்கடிகாரம் மாதத்துக்கு ஒருதரம் வரும். அந்த மூப்பரிடமே போய், காற்றில் பிரண்டு கிடந்த குடையைக் கேட்டு வாங்கி வந்தான். அந்தக் குடையின் நடுக்குழாய்தான் துவக்கின் வாய் ஆனது. செத்துப்போன சைக்கிளின் பம்ப் ஒன்று, அப்பா பலகைக்கென்று வைத்திருந்த பூவரசங்கட்டை, செருப்புத் தோல், பழைய ரியூப். மாட்டுக் கொட்டிலின் பின்பக்கம் அவன் இருந்து அராவுகிற சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். ரப்பர் பசையின் மணமும் நல்லெண்ணெயில் ஊறின தோலின் மணமும் சேர்ந்து அந்த இடத்தில் நிற்கும். லாச்சப்பல் பாலத்துக்குக் கீழே சைக்கிள் திருத்துகிற ஒரு கடை இருக்கிறது. அதைக் கடக்கும்போது இன்னும் எனக்கு அந்த மணம் வருகிறது. நான் நிற்பதில்லை, நடையைக் கூட்டிப் போய்விடுவேன்.

முதல் துவக்கு சுட்டது ஒரே ஒரு தரம். முன்னுக்குப் போகவேண்டியது பின்னுக்கு வந்து அண்ணாவின் புருவத்தைக் கிழித்தது. அம்மா காயத்தில் கோப்பித்தூளை அமத்திப் பிடித்துக்கொண்டு ஏசினார். அப்பா வெடித்த துவக்கைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த நாள் மன்னார் ரவுணுக்குப் போனவர் புதுத்தோல் வட்டங்கள் வாங்கிவந்து அண்ணாவின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அண்ணா அன்றைக்குச் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சாப்பிட்டான்.

இரண்டாவது துவக்கு வேலை செய்தது. காற்றடிக்கும் வேலை எனக்கு. அண்ணா பிடித்துக்கொள்ள நான் இரண்டு கையாலும் இழுத்து இழுத்து இறுக்க வேண்டும். கடைசியில் தண்டு இறங்க மறுக்கும்போது வயிற்றை வைத்து அமத்துவேன். அந்தத் தவக்காலம் முழுக்க என் வயிற்றில் ஒரு நீல வட்டம் இருந்தது. சைக்கிள் சில்லின் அச்சுக்குள் உருளுகிற சின்ன இரும்புக் குண்டுகளைத்தான் போட்டுச் சுடுவான். நாங்கள் அதைப் போல்ஸ் என்போம். சத்தம் பெரிதாக இல்லை, யாரோ தொண்டையைச் செருமினதுபோல இருக்கும். ரோட்டில் புதிதாக ஒரு ராணுவக் காம்ப் வந்திருந்தபடியால் அந்தச் சத்தமின்மைதான் அம்மாவுக்குப் பிடித்திருந்தது.

முதலில் புறா விழுந்தது. பிறகு முயல். அண்ணா வரம்போடு ஒட்டிக் கிடப்பான், நான் அவன் காலடியில் கிடப்பேன். பனியில் சட்டை நனைந்து மார்பில் ஒட்டும். அவன் மூச்சை நிறுத்துவது எனக்குத் தெரியும், அப்போது நானும் நிறுத்துவேன். முயல் விழுந்ததும் ஓடிப்போய்த் தூக்குவது என் வேலை. காது இரண்டும் சூடாக இருக்கும், உள்ளே சிவப்பு நரம்புகள் தெரியும். சில வேளை அது சாகாமல் கிடந்து குழந்தைபோலக் கத்தும். அண்ணா வந்து ஒரு கையால் அதன் கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கையால் கழுத்தைத் திருப்புவான். "அது என்னைப் பாக்கக் கூடாது" என்பான். அவன் தானாகச் சொன்ன வசனங்கள் எனக்கு ஞாபகமிருப்பவை மிகக் குறைவு, அதில் இது ஒன்று.

வேட்டைக்கு எங்கள் பக்கத்தில் ஒரு ஒழுங்கு இருந்தது. உங்களில் வன்னி, மன்னார்க்காரருக்குத் தெரிந்திருக்கும். ஈரல், மிருகத்தைச் சுட்டவனுக்கு. அதைக் கறியில் போடுவதில்லை. உப்பும் மிளகும் தடவி, தணலில் வாட்டி, சுட்டவன் கையில் கொடுப்பார்கள், மற்றவர்கள் கேட்கவும் மாட்டார்கள். அடிபட்ட மிருகம் ஓடிப்போய் அடுத்தவன் காணியில் விழுந்தால் அந்தக் காணிக்காரனுக்கு ஒரு பின்னங்கால். எங்கள் மண்ணில் அடித்திருந்தாலும் விழுந்தது அவன் மண். அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். கொடுக்காதவனை அடுத்த வேட்டைக்குச் சேர்க்கமாட்டார்கள்.

தவக்காலமென்றபடியால் எங்கள் வீட்டில் நாற்பது நாளும் இறைச்சி இல்லை. முயல் தவக்காலம் பார்க்காதே, சுடாமலிருக்க முடியாது. ஆகவே நாங்கள் சுட, குளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த சைவ சமயத்துக் குடும்பத்தார் சாப்பிட்டார்கள். எங்கள் நோன்பு நீண்டுகொண்டே போகவேண்டும் என்று அவர்கள் தங்கள் பிள்ளையாரிடம் கேட்டிருப்பார்கள். அண்ணாவும் தன் பங்கு ஈரல்களையெல்லாம் அவர்களுக்கே கொடுத்துவிட்டான். பாஸ்குப் பெருநாள் அன்றைக்கு முதல் ஈரலைத் தின்பேன் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தான். அம்மா மிளகை முன்கூட்டியே இடித்து ஒரு சின்னப் போத்தலில் வைத்திருந்தார்.

அதற்கிடையில் மூன்றாவது துவக்கையும் செய்து முடித்தான். அது அழகு. பூவரசில் பிடி கடைந்து, ஆற்று மணலும் எண்ணெயும் போட்டுத் தேய்த்து மினுக்கியிருந்தான். தூரமும் கூடப் போனது. அப்பா அதைத் தோளில் வைத்துப் பார்த்தார். கடையில் வாங்கினதுபோல இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னார்.

உயிர்த்த ஞாயிறு விடியப் பூசை முடிந்து வந்ததும் அண்ணா புதுச்சட்டையைக் கழற்றிவிட்டுப் பயற்றுக்குள் போனான். நான் காற்றடித்தேன். ஒரு பெரிய கடுவன் முயல். குண்டு பட்டும் நிற்காமல் ஓடி, வேலிக்குக் கீழே புகுந்து பக்கத்துக் காணியில் போய் விழுந்தது. வயிற்றில் பட்டிருக்கும் என்று நான் நினைத்தேன். இல்லை, பின்தொடையில் ஒரு குண்டும் நெஞ்சில் ஒரு குண்டும் இருந்தன என்று பிறகு தெரிந்தது. முதல்நாள் பின்னேரம் தொடையில் பட்டுத் தப்பிப்போனதும் இதே முயல்தான்.

பக்கத்துக் காணிக்காரருக்கும் அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எல்லை வேலியின் கதியால் கம்புகளை அவர் எங்கள் பக்கம் தள்ளி நட்டுவிட்டார் என்று அப்பா சொல்ல, நடவில்லை என்று அவர் சொல்ல, நான் பிறந்த காலத்திலிருந்து இரண்டு பேரும் கோயிலில் எதிரெதிர்ப் பக்கத்தில் முழந்தாளிடுவார்கள். காம்ப் வந்த பிறகு அவர் காணியில் தங்காமல், குடும்பத்தோடு ரோட்டுக்கரை வீட்டுக்குப் போய்விட்டார். அந்த வீடு காம்புக்கு அங்காலை. போவதென்றால் சிப்பாய்கள் நிற்கிற சென்றியைத் தாண்டிப் போகவேண்டும்.

அம்மா சொன்னார், இன்றைக்குப் பெருநாள், நாளைக்குப் பார்க்கலாம், அல்லது விட்டுவிடலாம், முயல் அங்கே விழுந்தது யாருக்குத் தெரியும் என்று.

"எனக்குத் தெரியுமே" என்றார் அப்பா. "அதுவும் கதைபேச்சு இல்லாத ஆள். அவருக்குக் குடுக்காமல் நாங்கள் திண்டால் அது களவு."

குளத்தில் தாமரை இலை பிடுங்கி வந்து பின்னங்காலைச் சுற்றி வாழைநாரால் கட்டினார். பூசைக்குக் கட்டின வேட்டியோடேயே சைக்கிளில் போனார். அம்மா ஈரலைக் கழுவி உப்பும் மிளகும் தடவினார்.

அப்பா திரும்பி வந்தபோது அந்த இலைப்பொட்டலம் கையில் இல்லை. சென்றியில் பிரித்துப் பார்த்தார்களாம். ஒரு சிப்பாய் கத்தியால் இறைச்சியைக் குத்திப் பார்க்க, இரும்புக் குண்டு டிக் என்று தட்டியதாம். தமிழ் தெரிந்த ஒருவன் வந்து, எதால் சுட்டது, யார் சுட்டது என்று கேட்டானாம். அப்பா ஒன்றையும் மறைக்கவில்லை. என் மகன் காற்றுத் துவக்குச் செய்தவர், பயறு காக்க, அதில் வெடிமருந்து இல்லை, வெடிச்சத்தம் இல்லை, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் மாதிரி, வேண்டுமென்றால் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதிகாரி வெளியே வந்து, சரி, மகனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்ப்போம் என்றாராம். ஒரு சிப்பாயைக்கூடப் பின்னால் அனுப்பவில்லை. அப்பாவை நம்பி விட்டிருக்கிறார்கள்.

அதைத்தான் அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார், நம்பி விட்டிருக்கிறார்கள் என்று. அவர் முகத்தில் பயம் இருக்கவில்லை. இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும், அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

அம்மா அடுப்படியிலிருந்து எழும்பி வந்தார். குளக்கட்டால் நடந்தால் பின்னேரத்துக்குள் மாமா வீட்டுக்குப் போய்விடலாம், தம்பி இப்போதே போகட்டும், அவன் ஊரில் இல்லை என்று சொல்லுங்கள் என்றார். துவக்கை நான் கிணற்றுக்குள் போடுகிறேன் என்றார். அம்மா அப்பாவை எதிர்த்துப் பேசி நான் கண்டது அதுதான் முதல்.

"கூட்டிக்கொண்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டன்" என்றார் அப்பா. "சொல்லிப்போட்டுப் போகாமல் விட்டால் பிறகு எங்களைக் கள்ளர் எண்டுதானே நினைப்பாங்கள். நேராப் போனா ஒண்டும் நடவாது."

"இஞ்சருங்கோ, அவன் ஒரு பிள்ளைதான் எங்களுக்கு ஆம்பிளைப் பிள்ளை."

"அதுக்குத்தான் சொல்லுறன். அவன் ஒளிச்சுத் திரியிற பிள்ளை எண்டு பேர் எடுக்கக்கூடாது."

அண்ணா புதுச்சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தான். பழைய துவக்கை மட்டும் எடுத்தான். அப்பா பார்த்துவிட்டு, இரண்டையும் எடு, ஒன்றை மறைத்தால் அதுதான் பிழையாகும் என்றார். அண்ணா கொட்டிலுக்குப் போய் மூன்றாவது துவக்கையும் எடுத்து வந்தான். வாசலில் நின்று அப்பாவிடம் கேட்டான்.

"சுட்டுக் காட்டச் சொன்னால், குறியைத் தப்ப விடட்டோ அப்பா?"

அவன் அதைக் கேட்டான். பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது தோன்றியிருக்கிறது. நாற்பது வயது மனிதருக்குத் தோன்றவில்லை.

"தப்ப விடாதை. வடிவாய்ச் சுடு" என்றார் அப்பா. "நடிச்சால் கண்டுபிடிப்பாங்கள்."

ஈரல் தணலில் இருந்தது. அம்மா, ஒரு வாய் தின்றுவிட்டுப் போகட்டும் என்றார். அண்ணா குனிந்து பார்த்தான், இன்னும் உள்ளே இரத்தமாக இருந்தது. வந்து தின்கிறேன் என்று சொல்லிவிட்டு அப்பாவின் சைக்கிளில் முன்பாரில் ஏறி இருந்தான். இரண்டு துவக்கையும் மடியில் குறுக்கே வைத்திருந்தான். நான் வேலிவரை ஓடினேன், அவன் என்னைப் பார்க்கவில்லை, துவக்கு விழாமல் பிடிப்பதில் கவனமாக இருந்தான்.

காம்பில் நடந்ததை அப்பா அன்று மத்தியானமே வந்து சொன்னார். அவர் தனியாக வந்தார். தனியாக வந்தும் சந்தோசமாக வந்தார். அதிகாரி துவக்கைக் கண்டதும் சிரித்தாராம். ஒரு பால்மா டின்னைத் தூணில் வைத்துச் சுடச் சொன்னாராம். அண்ணா சுட்டான். பிறகு ஒரு தீப்பெட்டியை வைத்தார்கள். அதையும் சுட்டான். அதிகாரி முதுகில் தட்டி, எப்படிச் செய்தாய் என்று கேட்டார், தமிழ் தெரிந்தவன் மொழிபெயர்த்தான். அண்ணா குந்தியிருந்து, மணலில் விரலால் கீறி, ஒவ்வொன்றாக விளக்கினானாம். நடுவில் நிறுத்தவேயில்லையாம். அவன் இவ்வளவு பேசி நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை என்று அப்பா சொன்னார். கொப்பியைத் திருத்துகிற வாத்தியாரைவிட அந்த அதிகாரி கவனமாகக் கேட்டாராம்.

ரவுணில் இருக்கிற பெரிய அதிகாரிக்கு இதைக் காட்ட வேண்டும், மகன் எங்களோடு வரட்டும், பின்னேரம் கொண்டுவந்து விடுகிறோம், நீங்கள் போய்ப் பெருநாள் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள் என்றாராம் அதிகாரி. இறைச்சிப் பொட்டலத்தையும் திருப்பித் தந்திருக்கிறார்கள். அப்பா அதைக் கொண்டுபோய்ப் பக்கத்துக் காணிக்காரரின் படியில் வைத்து, இன்ன விசயம் என்று வீட்டுப் பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

அப்பா சாப்பிட்டார். முயல்கறி நல்ல உறைப்பு என்றார். தம்பிக்கு ஒரு வேலை கீலை கிடைத்தாலும் கிடைக்கும், அவனுடைய கைக்கு யாரும் மதிப்புக் கொடுப்பார்கள் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா சாப்பிடவில்லை. ஈரலை ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு மூடி, அடுப்படி மேட்டில் வைத்திருந்தார்.

பின்னேரம் அவன் வரவில்லை. அடுத்த நாள் காலையில் அப்பா காம்ப் வாசலுக்குப் போனபோது நின்றவர்கள் வேறு ஆட்கள். அப்படி ஒரு பையன் இங்கே வரவில்லை என்றார்கள். நேற்று இருந்த அதிகாரி எங்கே என்று கேட்டதற்கு, எந்த அதிகாரி என்று கேட்டார்கள். தமிழ் தெரிந்தவனையும் காணவில்லை. தூணடியில் அந்தத் தீப்பெட்டி கிடந்தது என்று அப்பா பல வருடம் கழித்து ஒருதரம் சொன்னார்.

அன்று பின்னேரம் பக்கத்துக் காணிக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் பிறந்த பிறகு அவர் எங்கள் படலையைத் திறந்தது அதுதான் முதல்தரம். உள்ளே வராமல் முற்றத்திலேயே நின்றார். நேற்று மத்தியானம் தன் வீட்டுக்கு முன்னால் ஒரு ட்ரக் போனது, தம்பி அதில் இருந்தான், கை இரண்டையும் பின்னால் கட்டியிருந்தது, கண்ணையும் கட்டியிருந்தது என்றார்.

அம்மா கேட்டார், ஏன் நேற்றே வந்து சொல்லவில்லை என்று. அவர் தலையைக் குனிந்துகொண்டு, எங்களுக்குள் கதைபேச்சு இல்லையே, எப்படி வருவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன் என்றார். நீங்கள் அனுப்பின இறைச்சியைத் தின்றுகொண்டிருக்கும்போதுதான் ட்ரக் போனது என்றும் சொன்னார். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அவரும் நேர்மையான மனிதர்தான்.

அப்பா நம்பவில்லை. கையைக் கட்ட மாட்டார்கள், முதுகில் தட்டினார்களே என்றார். ஒரு கிழமை போன பிறகும் அதையே சொன்னார். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். துவக்கை ஒப்படைத்த நாளின் பால் தேத்தண்ணிக் கதையையும் நிறுத்திவிட்டார்.

இப்போது எனக்கு விளங்குகிறது. அண்ணா குறி தவறாமல் சுட்டபோதே அவனுடைய கதை முடிந்துவிட்டது. துருப்பிடித்த பம்பிலிருந்து துவக்குச் செய்யத் தெரிந்த பிள்ளையை, தீப்பெட்டியை அடிக்கத் தெரிந்த பிள்ளையை அந்தக் காலத்தில் யார் வீட்டுக்கு அனுப்புவார்கள். அவன் தப்ப விட்டிருந்தால், உளறியிருந்தால், ஒரு மொக்கன் என்று நினைத்து இரண்டு அடி போட்டுத் துரத்தியிருக்கவும் கூடும். கூடும் என்றுதான் சொல்கிறேன், யாருக்குத் தெரியும். குளக்கட்டால் போயிருந்தால் மாமா வீட்டில் இருந்திருப்பான். பிறகு எங்களைப்போல இங்கே வந்து, பாலத்துக்குக் கீழே ஒரு சைக்கிள் கடை போட்டிருப்பான்.

அந்த வருடம் பயற்றை முயல் முழுதாகத் தின்று தீர்த்தது. அம்மா எந்தெந்தக் காம்புக்குப் போனார், எந்தெந்தச் சுவாமியாரின் வாசலில் நின்றார், தொலைந்ததைத் தேடித் தருகிற அந்தோனியாருக்கு என்னென்ன நேர்ந்தார் என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. உங்களில் பல வீடுகளில் அந்தக் கதை இருக்கிறது. அம்மா வாய்திறந்து அப்பாவை ஒரு வார்த்தை குற்றம் சொன்னதில்லை. அவருக்குச் சமைத்தார், வேட்டி தோய்த்தார், காய்ச்சலில் கால் பிடித்தார்.

பிரான்சுக்கு வந்த பிறகும் அப்பா மாறவில்லை. அகதி விண்ணப்ப விசாரணையில், காம்பில் அடித்தார்களா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை, என்னை மரியாதையாக நடத்தினார்கள் என்று சொல்லியிருக்கிறார். விண்ணப்பம் ரிஜே, நிராகரித்துவிட்டார்கள். மேல்முறையீட்டுக்கு எழுதிக்கொடுத்தவர் தலையில் அடித்துக்கொண்டு, ஐயா, சும்மா ஓம் எண்டு சொல்லியிருக்கலாமே என்றார். நடக்காததை எப்படிச் சொல்வது என்று அப்பா கேட்டார். நீங்கள் எல்லோரும் அதை ஒரு பகிடிக் கதையாகச் சொல்லிச் சிரிப்பீர்கள். அம்மா அந்தப் பகிடிக்குச் சிரித்து நான் கண்டதில்லை.

அம்மா செய்ததெல்லாம் ஒன்றே ஒன்று. லாச்சப்பல் இறைச்சிக்கடையில் ஆட்டிறைச்சி வாங்கும்போது, "ஈரலைப் புறம்பாய்க் கட்டு தம்பி" என்பார். வீட்டுக்கு வந்து உப்பும் மிளகும் தடவி, காஸ் நெருப்பில் வாட்டி, சின்னக் கிண்ணத்தில் போட்டு மூடி, மேசையில் அப்பாவுக்கு நேரே வைப்பார். அப்பா அதைத் திறந்ததுமில்லை, இது யாருக்கு என்று கேட்டதுமில்லை. கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சோற்றைப் பிசைந்து சாப்பிட்டு எழும்புவார். பின்னேரம் அம்மா அதைக் குப்பையில் போடுவார். ஏதோ நேர்த்தி என்று என் கணவர் கனகாலம் நினைத்திருந்தார். நான் திருத்தவில்லை.

முப்பத்தோராம் நாள் அன்றைக்கு அம்மாவின் கோட்டை எடுத்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். அவர் மண்டபத்து வாசலில், தெருவில் போகிற சனத்துக்கு நடுவில், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே ரயில் போய்க்கொண்டிருந்தது. அது போய் முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்று, பிறகு என்னிடம் சொன்னார்.

"ஒண்டு சொல்லியிருக்கலாம் பிள்ளை. என்ரை பிள்ளைக்காக ஒரேயொரு பொய்."

கோட்டைப் போட்டுவிட்டேன். பொத்தானைத் தானே பூட்டிக்கொண்டார். உள்ளே நீங்கள் அப்பாவுக்காகக் கைதட்டுகிற சத்தம் வெளியே கேட்டது.

அப்பா நல்லவர்தான். நானும் அவருக்காக அழுதேன், இன்னும் அழுகிறேன். அவரைப் புகழ வேண்டுமென்றால் புகழுங்கள், நான் தடுக்கமாட்டேன். அம்மா இல்லாத இடமாகப் பார்த்துப் புகழுங்கள்.